எங்கேயிருந்து வருது என்று கேட்டவள்

சாப்பாட்டு டப்பாவுக்கு அவள் ரப்பர் பேண்டு போடுவதில் ஒரு முறை இருந்தது. நெடுக்கே இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. குறுக்குச் சுற்று எப்போதும் இடது ஓரத்தில்தான் விழ வேண்டும். மதியம் டப்பாவை எடுத்ததும் மூடியைத் திறக்க மாட்டாள். முதலில் அந்தச் சுற்றைப் பார்ப்பாள். அது இருந்த இடத்தில் இருந்தால்தான் சாப்பாடு. உள்ளே பெரும்பாலும் புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும்.

"இத திருடித் துன்றதுக்கு இது இன்னா பிரியாணியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பிரியாணியா இருந்தா ஆபீசுக்கே எடுத்துகினு வரமாட்டேன் அண்ணே," என்றாள். சிரிக்கவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று கேட்பாள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வேலை போகப் பார்த்தது என்னால்தான். நான் அவளைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதோடு நிற்காமல் வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன்.

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம், ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மூன்று கணினி, மூன்று பேர். திருக்கழுக்குன்றத்திலிருந்து வருகிற முதலாளி, அவரைச் சார் என்போம், அப்புறம் அவள், அப்புறம் நான். வீடு கட்டுகிறவர்களுக்கும் கடற்கரையில் விடுதி கட்டுகிறவர்களுக்கும் கணினியில் வரைபடம் போட்டுக்கொடுப்பது எங்கள் வேலை. நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். மதுராந்தகத்தில் அரிசி மில், கோவளத்தில் பரோட்டா கடையில் மாவு பிசைவது, மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் கல் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றுவது என்று சுற்றிவிட்டு, கடைசியில் நிலம் அளக்கிற சர்வேக்காரர்களிடம் கம்பு பிடிக்கப் போனேன். அவர்கள் தூரத்தில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். நான் அவர்கள் சொன்ன இடத்தில் கண்ணாடி வைத்த கம்பை நட்டுக்கொண்டு வெயிலில் நிற்பேன். இரண்டு கோடை நின்றதில் கண்ணில் எரிச்சல் வந்தது. கூடவே சர்வேக்காரர் கணினியில் என்ன செய்கிறார் என்பதும் கொஞ்சம் பிடிபட்டது. அதை வைத்துக்கொண்டுதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். முதல் மாதம் பஸ் ஸ்டாண்டுக் குளியலறையில் குளித்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போவேன்.

வந்த அன்றே அவள் ஆரம்பித்தாள்.

"ஊரு எது அண்ணே?"

"மதுராந்தகம் பக்கம்."

"அங்க இருந்தா நேரா வர்றீங்க?"

"இல்ல. மகாபலிபுரத்துல இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கோவளம்."

"இப்ப வூடு எங்க கீது?"

நான் கணினியைப் போட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஊரு கேட்டா மூணு ஊரு சொல்றீங்க. வூடு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றீங்க. காலைல தலை ஈரமா கீது, துண்டும் பையில கீது."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. ஊர் ஊராகச் சுற்றுகிறவனிடம் போலீஸ்காரர்தான் இப்படிக் கேட்பார்.

என்னை மட்டும் என்றில்லை. யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் அதிலிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, அந்தத் தேதியில் அந்த மண்டபத்தில் அந்தக் கல்யாணம்தானா என்று கேட்பாள். தண்ணீர் கேன் வந்தால் மூடியின் சீலைத் தடவிப் பார்ப்பாள். ஒரு தடவை கேன் கொண்டுவருகிறவரைப் பிடித்துக்கொண்டு, "இது போர் தண்ணி, ருசி மாறிப்போச்சு" என்று அரை மணி நேரம் சண்டை போட்டாள். கடைசியில் பார்த்தால், டம்ளரில் சோப்பைச் சரியாக அலசாததுதான் காரணம். அந்த மனிதர் அதற்கப்புறம் கேனைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவள் மன்னிப்பும் கேட்கவில்லை. அவர்மேல் கோபமும் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் டம்ளரை அவளே கழுவ ஆரம்பித்தாள்.

வேலையில் அவளுடைய சந்தேகம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் எக்ஸ்ரெஃப் என்று ஒன்று உண்டு. ஒரு வரைபடத்துக்குள் இன்னொரு வரைபடத்தைத் தெரிய வைப்பது. நகல் எடுத்து ஒட்டுவதில்லை. அந்தக் கோப்பு அதன் இடத்திலேயே இருக்கும். அது இருக்கிற முகவரியை மட்டும் நம் படம் வைத்துக்கொள்ளும். சர்வே படத்தில் ஒரு வேலியை நகர்த்தினால், அதைத் தொங்கவிட்டிருக்கிற கட்டடப் படத்திலும் வேலி நகர்ந்துவிடும். முகவரியில் கோப்பு இல்லையென்றால், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முகவரி எழுத்தாக நிற்கும். எல்லாருக்கும் இது பெரிய வசதி. அந்த வசதியைத்தான் அவள் நம்பவில்லை.

காலையில் வந்ததும் படத்தைத் திறக்க மாட்டாள். படம் எதையெல்லாம் வெளியிலிருந்து எடுக்கிறது என்கிற பட்டியலைத் திறப்பாள். எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எங்கே இருக்க வேண்டும், எங்கே கிடைத்தது. பேனா மூடியால் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே, "இது எங்க இருந்து வருது? சரி. இது எங்க இருந்து வருது? சரி" என்று வாய்க்குள் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போலிருக்கும். நான் அதற்குள் அரைப் படம் போட்டிருப்பேன்.

"காணோம்னு சொன்னா மெஷினே சொல்லப்போவுது. அதுக்கு எதுக்கு இம்மாம் நேரம்?" என்றேன்.

"காணோம்னு சொன்னா பயமில்ல அண்ணே. காணோம்னு சொல்ல வேண்டியது சொல்லாம குந்திகினு கீது பாரு, அதுக்குத்தான் பயப்படணும்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன்.

ஒரு மதியம் டீ குடித்துவிட்டு மேலே வந்தால், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து என் படத்தின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு பதறவும் இல்லை. மெதுவாக எழுந்தாள்.

"உங்க ஃபோல்டர்ல அண்ணே, ஒண்ணு—"

"என் ஸீட்டுல எதுக்கு ஒக்காந்த?"

"பாத்தேன். அதுல ஒண்ணு இன்னான்னா—"

"இன்னாவும் சொல்ல வேணாம். எழுந்து போ."

அன்று சாயங்காலமே சாரிடம் போய்ச் சொன்னேன். மற்றவர் கோப்பை அவள் நோண்டுகிறாள், எனக்குச் சரியாகப் படவில்லை என்றேன். போட்டிக்காரர் யாருக்காவது நம் படம் போகிறதோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்படி நினைக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் சொன்ன பிறகு அது உண்மை போலத்தான் எனக்கே கேட்டது. சார் வெளியே வந்து இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "அவங்கவங்க ஃபைலை அவங்கவங்க பாருங்க. இன்னொருத்தர் மெஷினைத் தொடக் கூடாது." அவள் "சரி சார்" என்றாள். அன்றிலிருந்து தன் பட்டியலோடு நிறுத்திக்கொண்டாள். சொல்ல வந்ததை மறுபடி சொல்லவும் இல்லை.

அந்த நேரத்தில் என் கையில் இருந்தது சதுரங்கப்பட்டினம் தாண்டி, கடலோரத்தில் வரவிருந்த ஒரு விடுதியின் படம். சதுரங்கப்பட்டினத்தை எங்கள் பக்கம் சட்ராஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த நிலத்தை அளந்தபோது கம்பு பிடித்தவனே நான்தான். வேலிக்கு வெளியே, சவுக்குத் தோப்பு ஓரத்தில், மீன்பிடிக் குடும்பங்கள் கொஞ்சம். அவர்களுக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு உறைக்கிணறு. அளவெடுத்த இரண்டாம் நாள் அந்தக் கிணற்றடியிலும் கம்பை நட்டிருக்கிறேன். ஒரு பெண் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். கடலிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

விடுதிக்காரர் கழிவுத் தொட்டிக்கு இடம் கேட்டார். திரையில் வேலி ஓரம் வெறும் மணலாகத் தெரிந்தது. தொட்டியை அங்கே வைத்தேன். நானே தண்ணீர் குடித்த கிணறு எனக்கு நினைவுக்கு வரவில்லை. திரையில் இல்லாதது எங்களுக்கு ஊரிலும் இல்லை. இந்த வேலை செய்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது.

படம் போயிற்று. சனிக்கிழமை காலை சாருக்குப் போன். மண் தோண்டும் வண்டி வந்து நிற்கிறது, குழிக்குக் கோடு போட்ட இடத்தில் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்கள், உங்கள் படத்தில் கிணறே இல்லையே என்று தளத்திலிருந்து கத்துகிறார்கள்.

சார் வெளியே வந்தார். "சர்வேல கிணறு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு சார். நானே கம்பு புடிச்சேன்."

"அப்புறம் யார் அழிச்சது?"

"அழிச்சது யாருன்னு தெரியாது சார். என் மெஷின்ல யாரு ஒக்காந்தாங்கன்னு மட்டும் தெரியும்."

சார் அவளைப் பார்த்தார். "உங்கிட்ட அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"தொறந்து பாத்தேன் சார். எதையும் மாத்தல."

"பார்த்ததா மாத்தினதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? சாயங்காலத்துக்குள்ள எனக்கு விளங்கணும். இல்லைன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

"இவரு மெஷின தொடலாமா சார்?" என்றாள்.

"தொடு."

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டியலைத் திறந்தாள். பேனா மூடியை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே மூடி நின்றது.

"இங்க பாருங்க சார். சர்வே எங்க இருக்கணும்னு ஒண்ணு கீது, எங்க கெடச்சதுன்னு ஒண்ணு கீது. ரெண்டும் வேற வேற. நீங்க போன வாரம் சர்வே ஃபோல்டர புது டிஸ்குக்கு மாத்துனீங்க இல்ல? அன்னைக்கே பழைய அட்ரஸ் செத்துப்போச்சு. நியாயமா இது காணோம்னு சொல்லணும். சொல்லல. ஏன்னா, அதே பேர்ல இன்னொரு சர்வே இவரு ஃபோல்டர்லயே குந்திகினு கீது. மெஷினு பக்கத்துல கெடச்சத எடுத்துகிச்சு. இது மொத நாள் எடுத்த சர்வே. கெணறு ரெண்டாம் நாள்தான் வந்துச்சு. யாரும் அழிக்கல சார். இந்த மொத நாள் சர்வேல கெணறு வந்ததே இல்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் சாரின் கணினி பழுதாகி அணைந்துகிடந்தது. சர்வே கோப்பு அதில்தான். என் படத்தில் நிலம் போய் வெறும் முகவரி எழுத்து நின்றது. அவசரம். சர்வேக்காரரிடம் இருந்தபோது பென் டிரைவில் போட்டு வைத்திருந்த முதல் நாள் படத்தை என் ஃபோல்டரில் போட்டேன். நிலம் வந்தது. வேலை ஓடியது. மறுநாள் சாரின் கணினி சரியானதும் சர்வே பழையபடி அதன் இடத்திலிருந்தே வந்தது. நான் போட்டதை எடுக்க மறந்துபோனேன். "உங்க ஃபோல்டர்ல ஒண்ணு" என்று அவள் அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

"அந்தக் காப்பியை யார் வெச்சது?" என்றார் சார்.

அவள் திரும்பவில்லை. "தெரியல சார்."

"நீயாக்கூட இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம் சார்."

சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல எனக்கு ஒரு பேர் வேணும். இல்லைன்னா நான் சொன்னது சொன்னதுதான்," என்று உள்ளே போய்விட்டார்.

அவள் புது முகவரியைக் கொடுத்துச் சர்வேயைத் திரும்ப ஏற்றினாள். வெறும் மணலில் ஒரு சின்ன வட்டம் வந்தது. நான் வைத்த தொட்டியின் மூலைக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வேலை போனால் திரும்பவும் வெயில், திரும்பவும் பஸ் ஸ்டாண்டு. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் படியிறங்கும்போது அவள் கேட்டாள்: "நாளைக்கு சட்ராஸ் வரைக்கும் வரீங்களா அண்ணே?"

"எதுக்கு?"

"கெணறு கீதான்னு பாக்க."

"அதான் படத்துல வந்துடுச்சே."

"படத்துலதான் வந்துகீது."

இது எனக்கு வைக்கிற பொறி என்றுதான் நினைத்தேன். போகாவிட்டால் இன்னும் மோசம் என்று போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். அவள் டிக்கெட்டை வாங்கி, ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத்தான் பையில் வைத்தாள். பையில் அளக்கிற டேப் இருந்தது.

பஸ் ஒரு காலனி முனையைத் தாண்டியபோது, "இங்கதான் எங்க வூடு," என்றாள். அவளாக வீட்டைப் பற்றிச் சொன்னது அது ஒரு தடவைதான். "எங்க அப்பாருங்க எல்லாம் அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவங்க. பட்டா கேட்டுப் போனா, படத்துல எங்க தெருவே இல்லன்னுட்டாங்க. வயலுன்னு போட்டிருந்துச்சு. கோயிலு கீது, வூடு கீது, நாங்க கீறோம். படத்துல வயலு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எட்டு வருசம் அலைஞ்சோம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிணறு இருந்தது. ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கயிற்றை விடாமலே கேட்டாள்: "யாரு நீங்க? கம்பெனியா?"

"படம் போடுறவங்க," என்றாள் இவள்.

"எங்க கெணறு இல்லாத படமா?"

"இப்ப கீது."

"இப்பன்னா? நேத்து எங்க போயிருந்துச்சு?"

இவள் டேப்பைப் பிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க," என்றேன். "பழைய படத்த வெச்சிட்டேன். அதுல கெணறு இல்ல. எடுக்க மறந்துட்டேன்."

"இரு, இரு. நீ கம்பு புடிச்சிகினு நின்ன ஆளு இல்ல? நான்தான உனக்குத் தண்ணி குடுத்தேன்?"

"ஆமாங்க."

"குடிச்ச எடத்துலயா பீ குழி தோண்டுவ?"

அந்தப் பெண் வாளியை இழுத்து, கையேந்தச் சொல்லி ஊற்றினாள். "குடி. இந்த வாட்டியாவது ருசி ஞாபகம் இருக்கட்டும்." குடித்தேன். அப்புறம் டேப்பின் ஒரு நுனியை நான் கிணற்று உறையில் பிடிக்க, இவள் மறு நுனியோடு வேலி மூலைக்குப் போனாள். சர்வேயில் இருந்த அளவும் இதுவும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டாவது தடவை அளந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கேட்டேன். "நான்தான்னு உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"நேத்தே நெனச்சேன். நம்ம சர்வே ஃபோல்டர்ல மொத நாள் படம் எப்பவுமே இருந்ததில்ல. அது வெளிய இருந்துதான் வரணும். சர்வேக்காரங்ககூட சுத்துனது இங்க நீங்க ஒருத்தர்தான்."

"அப்புறம் ஏன் சார்கிட்ட தெரியலன்ன?"

"நெனச்சேன் அண்ணே. தெரியல. நெனச்சதயெல்லாம் தெரியும்னு போய்ச் சொல்றதுக்கு நான் இன்னா நீங்களா?"

பஸ் வந்தது. இருவரும் தனித்தனி ஸீட்டில் உட்கார்ந்தோம். இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "இங்க சொன்னத அங்கயும் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை சார் வந்ததும் அறைக்குள் போய்ச் சொன்னேன். காப்பி வைத்தது நான். அவள்மேல் சொன்னதும் நானாகக் கட்டிச் சொன்னது என்றேன். அவர் கத்தவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே, மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதிர்பார்த்ததுதான். மூட்டை கட்டுவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

வெளியே வந்தேன். அவள் அப்போதுதான் கணினியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சாரின் கதவைத் தட்டி உள்ளே போனாள். ஒரு நிமிஷம் இருக்கும். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ம். சொல்லிட்டீங்க," என்றாள்.

பேனாவிலிருந்து மூடியைக் கழற்றி, பட்டியலைத் திறந்து, முதல் வரியிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.